பெயர் தெரியாதவருக்கு ஓர் இலை

1

இங்கே கொஞ்ச நாளாக யாரைப் பார்த்தாலும் இதயத்தைப் பற்றித்தான் பேச்சு. பம்பாய்க்குப் போனவன் காதல் கதை எழுத வந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த நிஜ இதயத்தைத்தான் சொல்கிறேன். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில், இறந்துபோன ஒருவருடைய இதயத்தை எடுத்து, சாகக் கிடந்த இன்னொருவருக்கு வைத்துத் தைத்துவிட்டார்களாம். பேப்பரில் வந்த நாளிலிருந்து செம்பூரில் எங்கள் பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தைவிட இந்தப் பேச்சின் சத்தம்தான் அதிகம். உங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஃபோர்மேன் மராட்டிக்காரர். ஆத்மா நெஞ்சில் இருக்கிறதா தலையில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், வயிற்றில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். என் பக்கத்து மிஷினில் நிற்கும் சங்கரன் கோவில்பட்டிக்காரர். அவர் சும்மா விடுவாரா?

"அது கெடக்கட்டும் வே. அந்தப் பழைய ஆளு நெஞ்சுக்குள்ள ஒரு சாமிய வச்சுக் கும்பிட்டிருப்பாருல்லா? இப்ப புது ஆளு வேற சாமி கும்பிடுதவரா இருந்தா, உள்ள இருக்கது யாரு சாமி?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைத்தான் பார்த்தார்கள். இந்த மாதிரி விஷயம் என்றால் முதலில் மூக்கை நுழைக்கிறவன் நான்தான். அன்றைக்குப் பேசாமல் நின்றேன். "என்ன வே, வாயில கொழுக்கட்டையா?" என்றார் சங்கரன்.

கொழுக்கட்டை எல்லாம் இல்லை. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டு, அழுது, சண்டை போட்டு, கடைசியில் சமைத்தும் பார்த்துவிட்டோம். இதோ தை அமாவாசை நெருங்குகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு இலை போடுவோம். ஒன்று என் அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று யாருக்கு என்று எங்களுக்கே தெரியாது. அந்த இரண்டாவது இலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2

என் மனைவி பெயர் பொன்னுத்தாய். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஒற்றை அறை வீட்டைப் பார்த்து, "இது அடுக்களை. வீடு எங்க இருக்கு?" என்று கேட்டவள். ஊசியில் நூல் கோக்க விளக்கு கேட்கமாட்டாள். எங்கள் சாலின், அதான் அந்த வரிசை வீடுகளின், பொது வராந்தாவில் நின்றபடியே, மூலைத் திருப்பத்தில் நான் வரும்போதே என் முகத்தைப் பார்த்து, ஓவர்டைம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண்.

ஒரு கோடையில் ஊரெல்லாம் அம்மை. எங்கள் சாலில் பாதி வாசல்களில் வேப்பிலை தொங்கியது. பொன்னுத்தாயையும் ஆத்தா விடவில்லை. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். ஆனால் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. இடது கண் சுருங்கியே போய்விட்டது. வலது கண்ணில் தேங்காய்ப் பால் படிந்ததுபோல ஒரு வெள்ளை. பகல் இரவு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த நாளில் எங்களைத் தூக்கி நிறுத்தியது என் மதினி. என் அண்ணன் தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி, தன் வீட்டையும் கடையையும் அண்ணன் தலையில் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் கிடந்து பொன்னுத்தாய்க்குக் கஞ்சி ஊற்றினார். அடுப்பைத் தடவிப் பற்றவைக்க, குழாயடிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போக, எல்லாம் பழக்கியது அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும்.

அதற்கு அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். சாந்தி என்று பெயர் வைத்தோம், பெயருக்கும் பிள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளை அவள் அம்மா கையால்தான் பார்த்தாள். காது மடல், உச்சியில் இரட்டைச் சுழி, முழங்கால் காயம், விழுந்த பல், எல்லாம் அவள் விரலுக்கு அத்துப்படி. விரலுக்கு எட்டாததை என்னிடம் கேட்பாள்.

"என்ன நெறம் சொல்லுங்க."

"டீ நெறம்."

"எந்தக் கடை டீ? ஈரானி கடையா, நாயர் கடையா?"

"நாயர் கடைதான். பால் கொஞ்சம் தூக்கல்."

"மூக்கு?"

மூக்கைப் பற்றி மட்டும் நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வேன். அவள் ஏசுவாள், மறுநாள் மறுபடி கேட்பாள். அந்த விளையாட்டில் ஒரு சுகம் இருந்தது. ஒருநாள் அவள் கேட்கிற குரலை நின்று கவனித்தேன். அப்புறம் விளையாட மனம் வரவில்லை.

சாந்திக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. உலகத்தில் எல்லா அம்மாவும் கையால்தான் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தாள். சால் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி நாக்கில் இந்திதான் முதலில் வரும். எதையாவது கொண்டுவந்து அம்மா உள்ளங்கையில் வைத்து, "போல், யே கியா ஹை?", இது என்ன சொல்லு, என்பாள். "கோலிக்குண்டு" என்பாள் இவள். "கோன்ஸா கலர்?", என்ன நிறம், என்பாள் அவள். அதற்கு இவள் என் பக்கம் முகத்தைத் திருப்புவாள்.

3

டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர் பொன்னுத்தாயின் வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே கண் நன்றாகத்தான் இருக்கிறது, முன்னால் இருக்கிற ஜன்னல்தான் மங்கிவிட்டது, இறந்தவர் ஒருவருடைய கண்ணிலிருந்து அந்த ஜன்னலை எடுத்துப் பொருத்தலாம் என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை, அங்கிருந்த மலையாளி நர்ஸ் தன்னுடைய தமிழில் எங்களுக்குச் சொன்னாள்.

பொன்னுத்தாய் கேட்ட முதல் கேள்வி வலிக்குமா என்பதல்ல. "எடுத்துட்டா, அவியளுக்கு அடுத்த பெறவியில கண்ணு இருக்குமா?" என்று கேட்டாள்.

நர்ஸ் அதை டாக்டரிடம் மொழிபெயர்க்கவில்லை. தானாகவே, "அது எனக்கும் அறியாது, அம்மா" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளை எங்களுக்குப் பிடித்துப்போனது.

மதினிக்கு வேறு கவலை. "ஆத்தா எடுத்தத டாக்டரு திருப்பிக் குடுக்கதா? அவ கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"டாக்டரு கையையும் அவதான யக்கா அசைக்கணும்" என்றாள் பொன்னுத்தாய். மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாராவி அம்மன் கோவிலுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக நேர்ந்துகொள்ளச் சொன்னார். நம் பக்கத்தில் கண் நோவு வந்தால் செய்வதுதானே.

மூவருமாகக் கோவிலுக்குப் போனோம். பொன்னுத்தாய் சன்னதியில் கை கூப்பி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், "என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டல. எனக்குக் கண்ணு குடுன்னு கேட்டா, யாரையாவது சீக்கிரம் கொண்டு போன்னு கேட்ட மாதிரில்லா ஆவுது? யாரு சாவணும்னு வேண்டிக்கிடச் சொல்லுதிய?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு போகவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாதங்களில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்களைப் பார்ப்பேன். நல்ல கண்ணாகத் தெரிந்தால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு காலை ஆஸ்பத்திரி ஆள் வந்து பட்டறை வாசலில் நின்றான். கண் வந்திருக்கிறது, உடனே கூட்டி வா என்றான். நான் சந்தோஷத்தில் சங்கரனைக் கட்டிப்பிடித்தேன். சந்தோஷத்தில் சங்கரனைக் கட்டிப்பிடித்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு ஏறிய ரயில் குர்லாவில் நின்றபோதுதான், இந்நேரம் எந்த வீட்டிலோ அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது எனக்கு உறைத்தது. பொன்னுத்தாய் அதை முன்னாலேயே நினைத்திருக்க வேண்டும். வழி முழுக்க என் கையை விடவே இல்லை.

4

ஆபரேஷன் ஆன பிறகு தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்கப் போட்டுவிட்டார்கள். இரண்டு கண்ணும் கட்டு. நேரம் காலம் தெரியாத அந்தக் கிடையில் அவளுக்கு நிறையக் கனவுகள் வந்தன. நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர், மரப்படிகள், படியின் முடிவில் யாரோ துணி உலர்த்துகிறார்கள். ஈரத் துணிக்குப் பின்னால் வெயில்.

"நம்ம ஊர்ல நீலச் சுவரு எங்க இருக்கு?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். "இது நான் காணுத கனவா, அவிய காணுததா?"

கட்டுப் போட்ட தலையோடு கேட்டால் சிரிக்கவா முடியும்? அது வெறும் ஜன்னல்தான், அதில் ஒன்றும் ஒட்டியிருக்காது என்றேன். "ஜன்னல் வழியாத்தான எல்லாம் போயிருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு உலகம் அவளிடம் மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் வெளிச்சம், பிறகு அசைவு, பிறகு ஓரங்கள். ஸ்டவ்வின் நீலச் சுடரைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள், குழம்பு அடிப்பிடித்தது. அலுமினியச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "இம்புட்டு நரைச்சுப் போச்சே, ஒரு வார்த்தை சொல்லல பாத்தியளா" என்றாள். சாயங்காலம் வராந்தாவில் நின்று, குப்பைமேடு எரியும் தேவ்நார் பக்கம் ஆகாயம் புகையும் சிவப்புமாக மாறுவதைப் பார்ப்பாள். பக்கத்தில் யாரோ நிற்பதுபோலக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பாள்.

"இவியளுக்கு இது புடிச்சிருக்குமோ என்னவோ" என்பாள்.

வெளிச்சம் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். கண்ணாடியும் முக்காடுமாக அவள் நடந்தால் சினிமா நடிகை வேஷம் மாறிப் போவதுபோல இருக்கும். சால் முழுக்க அவளைக் கேலி செய்தது. அவளும் சிரித்தாள். நாங்கள் கரையேறிவிட்டோம் என்றே நினைத்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தி என் மடியில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அம்மா சப் கோ தேக்தி. மேரே கோ நஹீ."

எல்லாரையும் பார்க்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை. பிள்ளை ஏதோ செல்லம் கொஞ்சுகிறது என்று முதலில் எண்ணினேன். பிறகு கவனித்தேன். சாந்தி உள்ளே வந்தால் பொன்னுத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளைக் குளிப்பாட்டும்போதும் தலை பின்னும்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழையபடி விரலால்தான் வேலை. என் நரையை எண்ணியவள், மகளுடைய மூக்கைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அப்போதுதான் எனக்கு எட்டியது.

பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன். முதலில் வெளிச்சம் கூசுகிறது என்றாள். நான் விடவில்லை. கடைசியில் உடைந்து அழுதாள்.

"யக்கா சொன்னாவ. இது செத்தவுங்க கண்ணு, என்ன ஆசையோட போனாவளோ தெரியாது, பச்சப் புள்ள மேல விழுந்தா புள்ளைக்கு ஆவாதுன்னு. ஊரு கண்ணுக்கு உப்பும் மொளவாயும் சுத்திப் போடலாம். எங் கண்ணுக்கே நான் எப்பிடிச் சுத்திப் போட?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்படியே கிளம்பித் தாராவிக்குப் போனேன். கடையில் அண்ணன் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் மதினி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பிள்ளையைப் பார்க்கத் தவித்தவளை இப்படித் தடுத்துவிட்டீர்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். மதினியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

அவர் கோபப்படவில்லை. "கொழுந்தனாரே, எம் மூத்த பயல நீங்க பாத்ததில்ல. நீங்க பம்பாய்க்கு வாரதுக்கு முந்தி. கொழுக்கு மொழுக்குன்னு இருப்பான். கல்யாண வீட்டுல ஒருத்தி அவனக் கண்ணு வாங்காமப் பாத்தா. மூணாம் நாளு காய்ச்சல். நான் அவன மண்ணுக்கு எடுத்துக் குடுத்தவ. பயந்து பயந்துதான் பேசுவேன்."

கடைக்குள் அண்ணன் காகிதம் கிழிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"யாரு கண்ணுன்னு தெரிஞ்சாலாவது பரிகாரம் உண்டு" என்றார் மதினி. "இன்னாரு, இப்பிடிப் போனாருன்னு தெரிஞ்சா, அவியளுக்குப் புடிச்சத ஆக்கி எலையில வச்சி, போதும்னு அனுப்பிரலாம். போய்க் கேட்டுட்டு வாங்க."

6

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்பது எளிதா? இங்கே அரசாங்கக் காரியம் எதுவும் ஒரு ஜன்னலில் முடியாது. முதல் ஜன்னல் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது, மாடிக்குப் போ என்றது. மாடி, சாப்பாட்டு நேரம் என்றது. கடைசியில் ஒரு குமாஸ்தா முகம் கொடுத்தார். என் இந்தி பட்டறை இந்தி. ஸ்பேனர் கேட்க உதவும், இதற்கு உதவாது. என் மனைவிக்கு வைத்த கண் யாருடையது, அதனால் வீட்டில் தொல்லையாக இருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் ரொம்பத் தீர்மானமாகக் கையை ஆட்டி, "வாபஸ் நஹீ ஹோதா" என்றார். திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று நினைத்துவிட்டார். வேறு கண் மாற்றித் தரவும் வழியில்லையாம்.

தலை தொங்க இறங்கி வரும்போது, அந்த மலையாளி நர்ஸ் படியில் எதிரே வந்தாள். பொன்னுத்தாய் சுகமா என்றாள். நான் படியிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். திருஷ்டியை நம்பாத படிப்பு அவளுடையது. ஆனாலும் சிரிக்கவில்லை. அவள் ஊரிலும் பிள்ளைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்களே.

"பேரு சொல்லான் பாடில்ல அண்ணா. ஆணா பெண்ணான்னும் சொல்லக்கூடாது. சொன்னால் நீங்க அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பீங்க. அவங்க இங்க வந்து நிப்பாங்க." படியில் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவங்க வீட்டு ஆளும் ஒரு நாள் வந்து இதே படியில நின்னு கேட்டதாக்கும். ஆருக்கு வச்சதுன்னு. நான் சொல்லல. அப்போ அவங்க, பேரு வேண்டாம், அந்தக் கண்ணு இப்போ என்ன பாக்குதுன்னு மட்டும் தெரிஞ்சா மதி, அது போதும்னு சொல்லி அழுதாங்க."

வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன பாக்குதுன்னா கேட்டாவ?" என்று மட்டும் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

7

தை அமாவாசை வந்தது. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆக்கி வைத்துவிடலாம் என்று மதினி முடிவு செய்தார். நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் நுனி இலை இரண்டும் கதம்பமும் வாங்கி வந்தேன். மதினி தாராவியிலிருந்து தூக்குச்சட்டிகளோடு வந்து இறங்கினார். அடுப்படியில் பஞ்சாயத்து தொடங்கியது.

"சைவமா, கவிச்சியா?" என்றார்.

"அமாவாசையாச்சே மதினி."

"நமக்கு அமாவாசை. அவியளுக்கு என்னவோ?"

அது நியாயமான கேள்விதான். குஜராத்தி வீட்டுக் கண்ணாக இருந்தால் வெங்காயமே ஆகாது. கடலோரத்துக் கோளி மீனவராக இருந்தால் மீன் இல்லாமல் சோறு இறங்காது. பாய் வீட்டுக் கண்ணாக இருந்தால் இலைக்கு வருவார்களா? சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களாக இருந்தால்? மதினி ஒவ்வொரு சாதியாக, ஒவ்வொரு மதமாக எடுத்து உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சாதியோ என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர், அடுப்பு சூடேற ஏற அதை மறந்தே போனார். ஆளுக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் கவலையாகிவிட்டது. பசித்து வருகிறவர்களிடம் கேட்கிற கவலை.

கடைசியில் இலையில் சோறு, வெங்காயம் போடாத பருப்பு, வடை, பாயசம். பக்கத்தில் தனியாக ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு. "அது ஓரமா இருக்கட்டும். வேண்டியவுக எடுத்துக்கிடட்டும்" என்றார் மதினி. என் அப்பா அம்மாவுக்குப் போட்ட இலையிலிருந்து அந்தக் கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

விளக்கேற்றியாயிற்று. சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. கதவுக்கு வெளியே தை மாத வெயில், உள்ளே புகைக்குள் எங்கள் முகங்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. "கூப்பிடு தாயி" என்றார் மதினி. "பேரு தெரியலன்னா என்ன, மனசாரக் கூப்பிட்டு, சாப்ட்டு நெறஞ்சு போங்கன்னு சொல்லு."

பொன்னுத்தாய் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை.

"யக்கா, சோறு வயித்துக்குல்லா. அவிய வயித்த எரிச்சிருப்பாவ, இல்ல பொதச்சிருப்பாவ. நம்ம வீட்டுக்கு வந்திருக்கது கண்ணு மட்டுந்தான? கண்ணு சோறா திங்கும்?"

மதினி கரண்டியோடு அப்படியே நின்றார்.

"கண்ணுக்கு எதப் படைக்கணும்னு நானும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன்" என்றாள். பிறகு வாசலைப் பார்க்காமலே கூப்பிட்டாள்: "ஏ சாந்தி, இங்க வா."

சாந்தி வந்தாள். அத்தனை நாளில் பிள்ளைக்கும் அது பழகிப்போயிருந்தது. அம்மாவுக்கு முன்னால் வராமல், முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"பின்னால இல்ல. எலைக்கு அந்தப் பக்கம் போயி உக்காரு. என் எதுக்க."

"வேண்டாம் தாயி!" மதினி கத்தியே விட்டார். "சொன்னாக் கேளு. எம் பயலுக்கு ஆனது போதாதா?"

"ஆசை தீராமப் போனாவன்னு நீங்கதான யக்கா சொன்னிய? என்ன பெரிய ஆசை இருந்துறப் போவுது? எனக்கு என்ன ஆசை இருந்துச்சோ அதான் இருந்திருக்கும். வீட்டுல ஒரு புள்ள இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாமேன்னு இருந்திருக்கும். அந்தக் கண்ணக் கொண்டாந்து வச்சுக்கிட்டு, புள்ளயக் காட்டாம ஒளிச்சு ஒளிச்சு வைக்கேன். நான்தான் அதப் பட்டினி போடுதேன்."

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தடுக்கவில்லை.

சாந்தி இலைக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஏதோ புரிந்ததுபோலத் தாடையை நிமிர்த்தி, போட்டோ ஸ்டூடியோவில் உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்துகொண்டாள்.

பொன்னுத்தாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் இமையைத் திறக்கவில்லை. கையால் தடவி, கண்ணாடியை இலைக்கு எட்டத் தள்ளிவைத்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? பட்டறையில் சாமி எங்கே இருக்கிறது என்று விவாதம் செய்கிறவனுக்கும், தன் பிள்ளை என்று வந்துவிட்டால் பயம்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

மகளுடைய நெற்றியைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். நான் சொன்ன பொய்யையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துகிறவள்போல, அவசரமே இல்லாமல் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். அந்த மரியாதை எனக்கும் இல்லை, மதினிக்கும் இல்லை, கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு. "எம் புள்ளதான். ஒங்க புள்ளயா நெனச்சு நல்லாப் பாத்துக்கிடுங்க."

புகை மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தாடையை இறக்காமலே, சாந்தி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அபி ஹில்னே கா கியா?"

இனி அசையலாமா என்று கேட்கிறாள்.

"அசையாத" என்றாள் பொன்னுத்தாய். "நாங்க இன்னும் பாத்து முடிக்கல."